வாய்க் காயம் ஆறும்போது மவுத்வாஷும் ஜெல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் பிடுங்கிய பிறகோ ஈறில் தையல் போட்ட பிறகோ, கையில் ஒரு மவுத்வாஷ் பாட்டிலோ ஜெல் டியூபோ வந்துவிடுகிறது. எப்போது தொடங்க வேண்டும், எத்தனை நாள் போட வேண்டும், போட்டால் புண் சீக்கிரம் ஆறுமா என்று கேட்பதற்குள் வாயில் பஞ்சைக் கடித்தபடி எழுந்து வந்துவிடுகிறோம். அப்படிக் கேட்காமல் விட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்; உங்கள் வாயைப் பார்த்தவர் அவர்.

கிருமிநாசினி மவுத்வாஷ் புண்ணை ஆற்றுமா?

ஆற்றாது. புண்ணை ஆற்றுவது உங்கள் ரத்தமும் எச்சிலும் ஈறின் செல்களும்தான். மவுத்வாஷின் வேலை வேறு. தையல் போட்ட இடத்தில் சில நாட்களுக்கு பிரஷ் வைக்க முடியாது. அந்த இடைவெளியில் பல்லின் மேலும் தையல் நூலின் மேலும் கிருமிப் படலம் தடிமனாகப் படிந்து ஈறை வீங்க வைக்கும். பிரஷ் திரும்பி வரும்வரை அந்தப் படலத்தை மெல்லியதாக வைத்திருப்பதற்காகத்தான் மருந்து. இது புரிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். பிரஷ் போடக்கூடிய இடத்துக்கு மவுத்வாஷ் அவ்வளவாகத் தேவையில்லை. பிரஷ் வந்த பிறகும் மருந்தைத் தொடர்ந்தால் பலனைவிடப் பக்கவிளைவு அதிகம்.

வாயில் இத்தனை கிருமி இருந்தும் புண் சீக்கிரம் ஆறுவது எப்படி?

முக்கியமான காரணம் எச்சில். அதில் ஹிஸ்டாட்டின் என்ற புரதங்கள் உண்டு; அவற்றில் சில காளானைத் தடுக்கும், சில தோல் செல்களைக் காயத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரத் தூண்டும். வளர்ச்சிக் காரணிகளும் இருக்கின்றன. ரத்தம் உறைவதை முடுக்கும் பொருளும் இருக்கிறது. இது போதாதென்று, ஈறுக்கும் கன்னத்துக்கும் ரத்த ஓட்டம் தாராளம். அதனால் உடம்பின் தோலைவிட வாயின் உட்தோல் விரைவாகவும், பெரும்பாலும் தழும்பில்லாமலும் ஆறுகிறது. வாய் வறண்டு போனவர்களுக்கு, உதாரணமாகக் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு, சின்னக் கீறல்கூட நாள் கணக்கில் இழுத்தடிப்பது இதனால்தான்.

குளோர்ஹெக்சிடின் நம் செல்களையே கொல்லும் என்று படித்தேன். பிறகு ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்?

பல் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மவுத்வாஷிலும் ஜெல்லிலும் பெரும்பாலும் இருக்கும் கிருமிநாசினிதான் குளோர்ஹெக்சிடின். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது ஆய்வகத் தட்டில் நடந்தது. ஈறின் இணைப்புத் திசுவை உண்டாக்கும் நார்ச்செல்களைத் தட்டில் வளர்த்து குளோர்ஹெக்சிடின் ஊற்றினால், 0.002 சதவீதத்திலேயே அவை பெருகுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நாம் கொப்பளிப்பது 0.2 சதவீதம், அதாவது அதைப்போல நூறு மடங்கு. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

தட்டில் இருப்பவை பாதுகாப்பில்லாத தனிச் செல்கள். அங்கே எச்சில் கிடையாது, ரத்தப் புரதம் கிடையாது, மேலே மூடிய தோல் கிடையாது. வாயில் கதை வேறு. குளோர்ஹெக்சிடின் நேர் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு; புரதத்தைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். கொப்பளித்த மருந்தில் பெரும்பகுதியை ஒரு நிமிடத்தில் துப்பிவிடுகிறோம். மிச்சம் பல்லின் பரப்பிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டியிருந்து, பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. மற்ற கொப்பளிப்புகள் சீக்கிரமே வேகம் இழக்கும்போது இதன் தாக்கம் சுமார் 12 மணி நேரம் நிற்பது இந்த ஒட்டும் குணத்தால்தான். காலை, இரவு என இரண்டு வேளை போதும் என்பதும் இதனால்தான்.

மனிதர்களில் பார்த்தால், ஈறு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் குளோர்ஹெக்சிடின் பயன்படுத்தியவர்களுக்குப் படலமும் வீக்கமும் குறைவாக இருக்கின்றன. சொன்ன அளவில் சில நாட்கள் பயன்படுத்தினால், காயம் மூடுவது கண்ணுக்குத் தெரியும்படி தாமதமாவதில்லை.

இருந்தாலும் ஆய்வகத் தட்டு சொன்ன எச்சரிக்கையை நான் ஒதுக்கிவிட மாட்டேன். விலங்குகளில் செறிவு கூடக் கூட ஆறுதல் தாமதப்பட்டிருக்கிறது. எலும்பு திறந்து தெரியும் காயத்திலும், வேறு இடத்திலிருந்து எடுத்த ஒட்டுத் திசுவைப் புதிதாக வைத்த இடத்திலும் செல்கள் கிட்டத்தட்ட தட்டில் இருப்பது போலவே பாதுகாப்பில்லாமல் இருக்கின்றன. அங்கே சிரிஞ்சில் எடுத்து நேராகப் பீய்ச்சுவது கூடாது. அதற்கு மருத்துவர் உப்பு நீரைப் பயன்படுத்துவார்.

பல் பிடுங்கிய அன்றே கொப்பளிக்கலாமா?

வேண்டாம். முதல் 24 மணி நேரம் எந்தக் கொப்பளிப்பும் கூடாது. மருந்து, உப்புத் தண்ணீர், வெறும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு அடைப்பு உண்டாகிறது. முதல் நாளில் அது ஜெல்லி மாதிரி தளர்வாக இருக்கும். கன்னத்தை உப்பிச் சுழற்றிக் கொப்பளித்தால் ஓரத்தில் பெயர்ந்துவிடும். வேகமாகத் துப்பினாலும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலும் அதே ஆபத்து.

மறுநாள் தொடங்கும்போதும் செய்யும் விதம் முக்கியம். மருந்தை வாயில் எடுங்கள். தலையைப் பிடுங்கிய பக்கமாகச் சாய்த்து அங்கே தேங்க விடுங்கள். அரை நிமிடம் கழித்து மறுபக்கம் சாயுங்கள். பிறகு வாஷ்பேசின் மேல் குனிந்து வாயைத் திறங்கள். தானாக வழிந்து விழட்டும். துப்ப வேண்டாம். சத்தம் போட்டுக் கொப்பளித்தால்தான் சுத்தமாகும் என்ற எண்ணத்தை இந்த ஒரு வாரம் மறந்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிடுங்குவதற்குச் சற்று முன்பு மருத்துவரே நாற்காலியில் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னால் தாராளமாகச் செய்யலாம். அப்போது காயமே இல்லை. வாயில் கிருமி எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம்.

டிரை சாக்கெட் என்கிறார்களே, அதை மவுத்வாஷ் தடுக்குமா? ஜெல் நல்லதா?

குழியில் உறைந்த ரத்தம் கரைந்தோ பெயர்ந்தோ போய், எலும்பு வெறுமையாகத் தெரிவதுதான் டிரை சாக்கெட். பிடுங்கிய அன்று சுமாராக இருந்த வலி குறைவதற்குப் பதிலாக, இரண்டு மூன்று நாள் கழித்துக் காதுவரை தெறிக்கத் தொடங்கும். வாய் நாறும். மாத்திரை போட்டாலும் அடங்காது. சாதாரணப் பல் பிடுங்கலில் இது அரிது. கீழ்த்தாடை ஞானப்பல்லை அறுத்து எடுக்கும்போது அதிகம். புகைப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

இந்த ஒரு விஷயத்தில் குளோர்ஹெக்சிடினுக்கு நல்ல சான்று இருக்கிறது. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து எடைபோட்டு 2012இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பிடுங்குவதற்கு முன்பும் பின்பும் கொப்பளித்தால் டிரை சாக்கெட் சுமார் 42 சதவீதம் குறைவதாகவும், பிடுங்கிய குழியில் 0.2 சதவீத ஜெல்லை வைத்தால் சுமார் 58 சதவீதம் குறைவதாகவும் கணக்கிட்டது. ஜெல் குழியிலேயே தங்கி நிற்பதால் அதிகப் பலன் தருகிறது என்று எடுத்துக்கொள்வது நியாயம். ஆனால் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த முடிவு அல்ல இது. ஒன்றைவிட மற்றது உறுதியாக மேல் என்று சொல்லிவிட முடியாது.

சதவீதத்தைப் பார்த்து மயங்காமல் இன்னொரு கணக்கையும் பாருங்கள். நூறு பேரில் ஒருவருக்கு மட்டுமே டிரை சாக்கெட் வரக்கூடிய எளிய பிடுங்கல் என்றால், ஒருவரைக் காப்பாற்ற இருநூறு பேருக்கு மேல் கொப்பளிக்க வேண்டும். நூறில் முப்பது பேருக்கு வரக்கூடிய கடினமான அறுவை என்றால் எட்டுப் பேர் கொப்பளித்தால் ஒருவர் தப்பிப்பார். ஆட்டம் கண்ட முன்பல்லை எடுத்துவிட்டு வருபவருக்கு மருத்துவர் எதுவும் எழுதாமல் அனுப்பினால் அது அலட்சியம் அல்ல.

டிரை சாக்கெட் வந்துவிட்ட பிறகு வீட்டில் மவுத்வாஷ் ஊற்றிக்கொண்டிருப்பது வீண். மருத்துவர் குழியைக் கழுவி வலிநிவாரணி மருந்துத் துணி வைத்தால்தான் நிம்மதி கிடைக்கும்.

குழிக்குள் வெள்ளையாகத் தெரிகிறது. சீழா? தேய்த்து எடுத்து மருந்து போடட்டுமா?

தொடாதீர்கள். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்க்கும்போது குழியின் மேல் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ தெரியும் படலம் பெரும்பாலும் ஃபைப்ரின். ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம் அது; எச்சிலில் ஊறி வெளுத்திருக்கும். அதன் அடியில்தான் புதுத் திசு சிவந்து வளர்கிறது. பட்ஸ் வைத்துத் துடைத்தால் ஆறிக்கொண்டிருக்கும் இடத்தைப் புதுக் காயமாக்கிவிடுவீர்கள். சீழ் என்றால் வலி கூடும், வீக்கம் கூடும், அழுத்தினால் கசியும், காய்ச்சலும் வரலாம். வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் அந்த வெள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைவாய்ப்பல் குழியின் மேல் ஈறு மூடச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும்.

0.12 சதவீதமா, 0.2 சதவீதமா?

பாட்டிலில் போட்ட அளவைப் பின்பற்றினால் ஏறக்குறைய ஒன்றுதான். 0.12 சதவீதத்தில் 15 மில்லி எடுத்தால் 18 மில்லிகிராம் மருந்து, 0.2 சதவீதத்தில் 10 மில்லி எடுத்தால் 20 மில்லிகிராம். எரிச்சல் தாங்காதவர்கள் குறைந்த செறிவைக் கேட்டு வாங்கலாம்.

எத்தனை நாள் பயன்படுத்தலாம்?

பெரும்பாலும் ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம். தையல் பிரித்து, மென்மையான பிரஷ் அந்த இடத்துக்குத் திரும்பியதும் நிறுத்திவிடலாம். ஈறுக்குள் ஒட்டு வைத்தவர்களுக்கும் செயற்கைப் பல் வேர் பொருத்தியவர்களுக்கும் மருத்துவர் கூடுதல் நாள் சொல்லலாம்.

அதற்கு மேல் இழுத்தால் முதலில் தெரிவது பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை. டீ, காபி குடிப்பவர்களுக்குச் சீக்கிரமே தெரியும். வீட்டில் பிரஷ் போட்டு அது போகாது. மருத்துவர் பாலிஷ் செய்ய வேண்டும். பல் உள்ளே கெட்டுவிட்டதோ என்று சிலர் பயப்படுகிறார்கள்; அது மேல்கறை மட்டுமே. நாக்கில் உப்புச் சுவை மட்டுப்படும். காரை படிவது கூடும். சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் மெல்லிய தோலாக உரியும். அப்படி உரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். உரிந்த வாயில் மேலும் மேலும் ஊற்றினால் புண் ஆறுவது நிச்சயம் தாமதமாகும்.

பல் தேய்த்த உடனே கொப்பளிக்கலாமா?

நிறையப் பேர் இதில்தான் மருந்தை வீணாக்குகிறார்கள். பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் எதிர் மின்னூட்டம் கொண்டது. குளோர்ஹெக்சிடினைச் சந்தித்தால் இரண்டும் பிணைந்து மருந்து செயலிழக்கும். பேஸ்ட் போட்டுத் தேய்த்த பிறகு வாயை நன்றாகத் தண்ணீரில் அலசி, குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். கொப்பளித்த பிறகு அரை மணி நேரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். கசப்புத் தாங்காமல் உடனே தண்ணீர் விட்டு அலசினால், ஒட்ட வேண்டிய மருந்தும் சேர்ந்து போய்விடும்.

வெறும் உப்புத் தண்ணீர் போதாதா?

எளிய காயத்துக்குப் பெரும்பாலும் போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. மறுநாளிலிருந்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும். அது கிருமியைக் கொல்வதைவிட, குழியில் சேரும் உணவுத் துணுக்கை அலசிவிடுகிறது. செல்களுக்குக் கேடில்லை, கறை இல்லை. பிரஷ் போட முடியாத பெரிய தையல், ஞானப்பல் அறுவை, ஈறு அறுவை இவற்றுக்கு மட்டும் குளோர்ஹெக்சிடினைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. உப்பை அள்ளிப் போட்டால் எரியும், பலன் கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு, போவிடோன் அயோடின்?

பெராக்சைடு ரத்தத்தைத் தொட்டதும் நுரைக்கும். அந்த நுரை அழுகிய துணுக்கைப் பெயர்த்துத் தள்ளும் என்பதால் ஈறு அழுகும் சில நோய்களில் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். புதிய பல் குழிக்கு அதே நுரை எதிரி. உறைந்த ரத்தத்தையும் பெயர்த்துவிடும். கடையில் கிடைக்கும் 3 சதவீதத்தை அப்படியே வாயில் ஊற்றவே கூடாது. சம அளவு நீர் சேர்த்தால் 1.5 சதவீதம், அதுவும் மருத்துவர் சொன்னால், சொன்ன நாட்களுக்கு மட்டும்.

போவிடோன் அயோடின் பலவகைக் கிருமிகளைக் கொல்லும், வேகமாகவும் கொல்லும். ஆனால் குளோர்ஹெக்சிடின் போல வாயில் தங்குவதில்லை. அயோடின் உடம்பில் சேருவதால் தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும்.

எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா?

இல்லை. எரிச்சல் பெரும்பாலும் அதில் உள்ள ஆல்கஹாலால். சில பழைய வகை மவுத்வாஷ்களில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அது மருந்தைக் கரைக்க மட்டுமே. திறந்த காயத்துக்கு நன்மை எதுவும் இல்லை. லேபிளைப் பார்த்து ஆல்கஹால் இல்லாததை வாங்குங்கள்.

கன்னத்திலும் உதட்டிலும் வரும் வாய்ப்புண்ணுக்கு எந்த ஜெல்?

அடிக்கடி வந்து போகும் சிறு வட்டப் புண்கள் தொற்றால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் திசுவையே தாக்குவதால் வருபவை என்று கருதப்படுகிறது. கிருமிநாசினி ஜெல் புண்ணின் மேல் கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்ளும், சிலருக்கு வலி குறையும். ஆனால் அடுத்த புண் வருவதைத் தடுக்காது. பெரும்பாலானவை 7 முதல் 14 நாட்களில் தாமே ஆறும்.

மரத்துப்போகும் ஜெல் வலியை மறைக்கும். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தடவினால் சாப்பிட உதவும். ஸ்டீராய்டு கலந்த பேஸ்ட் வீக்கத்தைக் குறைக்கும்; புண் தொடங்கும்போதே தடவினால் நல்ல பலன், ஆனால் மருத்துவர் சொல்ல வேண்டும். எதைத் தடவினாலும் முதலில் சுத்தமான துணியால் எச்சிலை ஒற்றி எடுங்கள். ஈரப் பரப்பில் ஜெல் நிற்காது. பட்டாணி அளவு எடுத்து வையுங்கள், தேய்க்காதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கோலின் சாலிசிலேட் சேர்ந்த வாய்ப்புண் ஜெல்லை 16 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பிரிட்டன் 2009இல் நிறுத்தியது. அது ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து, குழந்தைகளின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோய்க்கு வழிவிடலாம். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல்லை 2 வயதுக்குக் கீழே தடவக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கக்கூடும். துப்பத் தெரியாத குழந்தைக்கு எந்த மவுத்வாஷும் வேண்டாம்.

ஹையலூரானிக் அமில ஜெல் நிஜமாகவே உதவுமா?

இது கிருமிநாசினி அல்ல. நம் திசுவிலேயே இருக்கும், நீரைப் பிடித்து வைக்கும் பொருள். மேல் அண்ணத்தில் இருந்து ஒட்டுத் திசு எடுத்த இடத்தில் இதைப் போட்டபோது வலி குறைந்து, காயமும் சீக்கிரம் மூடியதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. செல்லைத் தொந்தரவு செய்யாத மருந்து என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் இதைத் தடவினோம் என்பதற்காகச் சுத்தம் செய்வதை விடக் கூடாது.

மவுத்வாஷ் ரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பது உண்மையா?

நாக்கின் மேல் வாழும் சில நல்ல கிருமிகள், உணவில் வரும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன; அது ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. குளோர்ஹெக்சிடின் அவற்றையும் கொன்றுவிடுகிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் 7 நாள் கொப்பளித்தபோது ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மில்லிமீட்டர் கூடியது. ஒரு வாரச் சிகிச்சையை இதற்காக விட வேண்டியதில்லை. காரணமில்லாமல் மாதக்கணக்கில் பயன்படுத்துவதை விட வேண்டும்.

ஒவ்வாமை வருமா?

மிக அரிது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கிய குழியைக் குளோர்ஹெக்சிடினால் கழுவிய பிறகு கடும் ஒவ்வாமையால் மரணம் நேர்ந்த நிகழ்வுகள் பிரிட்டனில் பதிவாகியிருக்கின்றன. திறந்த காயத்தில் மருந்து நேராக ரத்தத்தைத் தொடுகிறது என்பதை மறக்கக் கூடாது. முன்பு எப்போதாவது மருந்துத் துணி, ஊசி போடும் முன் தடவும் திரவம், மவுத்வாஷ் எதனாலாவது தடிப்போ அரிப்போ வந்திருந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். கொப்பளித்த சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சுத் திணறி, தலை சுற்றினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சையால் வாய் வெந்துபோனவர்களுக்கு?

தலை, கழுத்துக் கதிர்வீச்சால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்கக் குளோர்ஹெக்சிடினைப் பயன்படுத்த வேண்டாம் என்று இத்துறையின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அங்கே காயத்துக்குக் காரணம் கிருமி அல்ல, கதிர். வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் பென்சிடமைன் கொப்பளிப்பைக் கொடுப்பார்கள். உப்பும் சோடா உப்பும் கலந்த நீர், மிக மென்மையான பிரஷ், அடிக்கடி வாயை நனைப்பது இவைதான் தினசரிக் கவனிப்பு.

எப்போது மருந்தை நம்பாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் அன்றே. மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாவிட்டால், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எலும்பு தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை உறுதிப்படுத்தும் மருந்து எடுப்பவர்கள், பல் பிடுங்கும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். பிடுங்கிய இடத்தில் எட்டு வாரமாகியும் எலும்பு தெரிந்தால் எந்த மவுத்வாஷும் அதை மூடாது. வலியே இல்லாத புண்ணாக இருந்தாலும் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் ஜெல் டியூபை மூடி வைத்துவிட்டுக் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மரத்துப்போகும் ஜெல் தடவித் தள்ளிப்போடும் வாரங்கள் அங்கே விலைமதிப்பில்லாதவை.